சிங்கப் பெட்டியைத் திறக்கப் போகிறவர்களுக்கு

ஜோஸ் ஒஃப் த லயன் என்ற பலகை விளையாட்டைத்தான் எங்கள் வீட்டில் சிங்கப் பெட்டி என்போம். வாங்கிய முதல் நாள் இரவு நான் அதன் விதிப்புத்தகத்தைச் சத்தமாக வாசித்தேன். ஒரு மணித்தியாலத்துக்கு மேலே போயிருக்கும். மகன் என் மடியிலேயே தூங்கிப் போனான். மச்சான் போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனவர் திரும்பி வரவில்லை. எப்படியோ விளையாடத் தொடங்கினோம். அப்போதும் நான் விடவில்லை: "அந்த அட்டையப் போடாத, இதப் போடு. நீ இங்க நில்லு, அம்மாவ அந்தப் பக்கம் நகத்து." மூன்றாவது சுற்றில் மகள் கையிலிருந்த அட்டைகளை மேசையில் கவிழ்த்து வைத்தாள். மனைவி மெதுவாகத்தான் சொன்னார்: "அப்ப நாலு பேருக்கும் நீங்களே வெளையாடுங்க. நாங்க ரொட்டி சுடப் போறோம்."

பெட்டி இரண்டு மாதம் அலுமாரிக்கு மேலேயே கிடந்தது. இரண்டாம் முறை எடுத்தபோது எதையெல்லாம் மாற்றினோம் என்பதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். இன்றைக்கு எங்கள் வீட்டில் போயா (பௌர்ணமி விடுமுறை) நாள் வந்தால் முதலில் கேட்கிற கேள்வி, "சிங்கப் பெட்டி எறக்கலாமா?" என்பதுதான்.

இது என்ன விளையாட்டு

குகை, நிலவறை, பாழடைந்த மாளிகை என்று இறங்கி, பூதங்களோடும் எலிமுக மனிதர்களோடும் மல்லுக்கட்டி வெளியே வருகிற கதை விளையாட்டு. குடும்பமே ஒரு கட்சி. ஜெயித்தால் எல்லாரும் ஜெயிப்போம், தோற்றால் எல்லாரும் தோற்போம். ஒரே இரவில் முடிவதில்லை. இன்று விட்ட இடத்திலிருந்து அடுத்த கிழமை கதை தொடரும். நம் ஆட்களின் பலம் கூடும், பையில் காசு சேரும். மாசி மாதத்தில் நாட்கணக்காகக் காமன் கூத்துப் பார்த்து வளர்ந்த நமக்கு இப்படித் தொடர்ந்து போகிற கதை புதிதில்லை. என் அம்மாவுக்கு நான் இதை விளக்கியதும் இப்படித்தான்.

இந்த வகைக்கெல்லாம் மூத்தது 1974இல் வந்த டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ். அதில் ஒருவர் கதை சொல்லியாக உட்கார்ந்து பூதங்களை நடத்த வேண்டும். 1989இல் வந்த ஹீரோகுவெஸ்ட் பலகையிலும் ஒருவர் எதிர்ப்பக்கம் இருக்க வேண்டும். குடும்பத்துக்குள் இது தோதுப்படாது. அப்பா பூதமாக இருந்து ஒன்பது வயதுப் பிள்ளையை அடித்தால் அன்றிரவு சோறு இறங்காது. ஐசக் சில்ட்ரஸ் என்பவர் வடிவமைத்து 2017இல் வெளிவந்த குளூம்ஹேவன் அந்த வேலையை அட்டைகளிடம் கொடுத்துவிட்டது. ஒவ்வொரு பூதக் கூட்டத்துக்கும் தனி அட்டைக் கட்டு. சுற்றுக்கு ஓர் அட்டை திருப்பினால், எவ்வளவு நகரும், எப்படி அடிக்கும் என்று அதிலேயே இருக்கும். யாரும் எதிரியாக உட்காரத் தேவையில்லை.

எதை வாங்குவது

பெரிய குளூம்ஹேவன் வேண்டாம். 95 கட்டங்கள் (கட்டம் என்பது ஒரு தடவை உட்கார்ந்து விளையாடுகிற கதைத் துண்டு), 17 வகை வீரர்கள், கிட்டத்தட்ட பத்துக் கிலோ பாரம். அதை மேசையில் பரப்பி எடுத்து வைக்கவே ஒரு மணித்தியாலம் போய்விடும். 2020இல் அதன் தம்பி வந்தது: ஜோஸ் ஒஃப் த லயன். எங்கள் வீட்டில் சிங்கப் பெட்டி என்பது இதைத்தான். 25 கட்டங்கள், நான்கு வீரர்கள், ஒருவர் முதல் நான்கு பேர் வரை விளையாடலாம். பெரியதில் தரைத் துண்டுகளைத் தேடித் தேடிப் பொருத்த வேண்டும். இதில் சுருள் கம்பி போட்ட புத்தகத்தின் பக்கங்களே பலகை. விரித்தால் குகை தயார். முதல் ஐந்து கட்டங்களும் பாடம்போல அமைந்தவை. புது விதியைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இறக்குவார்கள்.

வெளிவந்தபோது அமெரிக்காவில் விலை சுமார் 50 டொலர். நம் டவுன் கடைகளில் கிடைக்கிற சாமான் இல்லை. வெளிநாட்டில் சொந்தக்காரர் இருந்தால், வரும்போது கையோடு கொண்டுவரச் சொல்வதுதான் மலிவு. பார்சலில் எடுப்பவர்கள் தீர்வையையும் கூலியையும் முன்கூட்டியே கணக்குப் பாருங்கள். நான் பார்க்கவில்லை. அதைப் பற்றி இன்னும் வீட்டில் முழுதாகச் சொல்லவும் இல்லை.

அவ்வளவு காசு போடுமுன் ஒரு சோதனை செய்யலாம். ஒரு செஸ் போர்ட், கரம் காய்கள், ஒரு கட்டுச் சீட்டு போதும். ஆளுக்கு ஒரு சாதியில் ஏஸ் முதல் எட்டு வரை எட்டுச் சீட்டு கொடுங்கள். கறுப்புக் கரம் காய்கள் பூதம். சுற்றுக்கு இரண்டு சீட்டைக் கவிழ்த்து வைத்து ஒன்றாகத் திருப்புங்கள். ஒரு சீட்டின் எண் வேகம், சிறிய எண் முந்தும். மற்றச் சீட்டின் எண்ணை நடைக்கும் அடிக்கும் பிரித்துக்கொள்ளலாம். கை காலியானால் போட்ட சீட்டுகளைத் திரும்ப எடுக்கலாம், ஆனால் ஒவ்வொரு முறையும் ஒரு சீட்டு நிரந்தரமாகப் போய்விடும். இதை அரை மணித்தியாலம் விளையாடும்போது வீட்டார் "இன்னொரு தரம்" என்று கேட்டால் பெட்டிக்குக் காசு கொடுக்கலாம். கேட்காவிட்டால் அந்தக் காசுக்குப் பிள்ளைகளுக்குச் சப்பாத்து வாங்கலாம்.

திறந்த அன்றே செய்ய வேண்டியவை

நம் மலையகத்து ஈரம் அட்டைக்கு ஆகாது. ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியா பக்கம் மே மாதக் கடைசியில் மழை பிடித்தால் சுவரே வியர்க்கும். பெட்டியை நிலத்திலோ வெளிச்சுவரை ஒட்டியோ வைக்காதீர்கள். உள்சுவர் அலுமாரியின் மேல்தட்டு நல்லது. புதுச் சப்பாத்துப் பெட்டியில் வருகிற ஈரம் உறிஞ்சும் சின்னப் பொட்டலங்களை எறியாமல் உள்ளே போட்டு வையுங்கள். அட்டை வளைந்தால் வெயிலில் காயப்போட வேண்டாம், இன்னும் வளையும். அதிகம் புரளுகிற அட்டைகளுக்காவது பிளாஸ்டிக் உறை போடுங்கள்.

அடுத்தது மொழி. அட்டையெல்லாம் ஆங்கிலம். நல்ல காலம், முக்கியமானவை படக்குறிகளாக இருக்கின்றன. நாங்கள் ஒரு கொப்பித் தாளில் குறியை வரைந்து பக்கத்தில் எங்கள் பேச்சில் பெயர் எழுதினோம். நஞ்சு: இவனை அடித்தால் ஒன்று கூடப் படும். புண்: வைத்தியம் பார்க்கும் வரை ஒவ்வொரு முறையும் ஒன்று குறையும். கால்கட்டு: நகர முடியாது. கைகட்டு: அடிக்க முடியாது. விறைப்பு: ஒன்றுமே செய்ய முடியாது. "ஆள் வெறச்சுப் போயிட்டான்" என்று ஒரு தடவை சொன்னால் மகனுக்கு மறக்காது. ஆங்கிலச் சொல்லைப் பத்துத் தடவை சொன்னாலும் நிற்காது. எழுத்து நிறைய உள்ள அட்டைகளுக்கு மகள் பென்சிலால் சின்னத் துண்டுகளில் தமிழில் எழுதி உறைக்குள் சொருகினாள். அவளுக்கு ஆங்கிலப் பாடத்தில் உதவியது வேறு கதை.

கட்டத்தின் தொடக்கத்தில் வருகிற கதையை அப்படியே மொழிபெயர்க்காதீர்கள். வாசித்துவிட்டுப் புத்தகத்தை மூடி, உங்கள் வாயால் சொல்லுங்கள். குளூம்ஹேவன் என்ற ஊரில் ஆட்கள் காணாமல் போகிறார்கள், கூலிக்குச் சண்டை பிடிக்கும் நாலு பேர் தேடிப் போகிறார்கள், அவ்வளவுதான். அம்மா கேட்ட முதல் கேள்வி: "இவனுகளுக்குத் தாய் தகப்பன் இல்லியா?" அதற்கு ஒரு பதில் கட்டித்தான் ஆக வேண்டும். கட்டினேன். அதன்பிறகு அம்மா தன் ஆளுக்குக் காயம் பட்டால் உச்சுக்கொட்டத் தொடங்கினார்.

யாருக்கு எந்த ஆள்

சிவப்புக் காவலன் முன்னால் நின்று அடி வாங்குகிறவன். தடித்த தோல், எதிரியைத் தன் பக்கம் இழுக்கவும் தெரியும். முதன்முதல் விளையாடுகிற பெரியவர்களுக்கு இவன்தான் தோது. கோடரிக்காரன் தூர நின்று எறிகிறவன். அவனுக்குச் செல்லமான ஒரு கோடரி உண்டு. எறிந்தால் பெரிய அடி, ஆனால் போய்ப் பொறுக்கிக்கொண்டு வர வேண்டும். வெடிகாரர் உருவத்தில் சின்னவர், தடைகளை உடைப்பதும் வெடிப்பதும் வேலை. இதைப் பிள்ளைகள் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். நான்காவது, சூனியக்காரி என்று நாங்கள் கூப்பிடுகிற ஆள்: காயம் ஆற்றுவாள், எதிரியைச் சபிப்பாள், தன் முறையில் அடுத்தவரை அடிக்க வைப்பாள். பொறுமைசாலிக்கு உரியது. என் மனைவியிடம் இருக்கிறது. பொறுமையைச் சம்பாதித்தது என்னிடமிருந்துதான் என்கிறார்.

நான்கு பேருக்கு மேல் இருந்தால் சின்னவர்களைப் பெரியவர்களோடு சோடி சேர்த்துவிடுங்கள். மகனும் நானும் ஒரே ஆள். அட்டையைத் தேர்வது அவன், ஆங்கிலம் வாசிப்பது நான். மச்சான் வருகிற நாட்களில் பூதங்களின் அட்டையைத் திருப்புவதும் உயிர்க் கணக்கும் அவர் பொறுப்பு. கையில் ஒரு வேலை இருந்தால் அவர் வாசலுக்குப் போவதில்லை.

ஒரு சுற்றைக் கிட்டப் பார்ப்போம்

முதல் கட்டம் தெருவோரத் தாக்குதல். வழிமறிப்பவர்கள் எலிமுகக் கூட்டம். லயத்துக் கூரையில் ஓடுகிற பெருச்சாளியை நினைத்துக்கொண்டு என் பிள்ளைகள் வைத்த பெயரும் பெருச்சாளிதான்.

எல்லாரும் கையிலிருந்து இரண்டு அட்டை எடுத்துக் கவிழ்த்து வைக்கிறோம். ஒவ்வோர் அட்டையின் நடுவிலும் ஓர் எண் உண்டு. இரண்டில் எந்த எண் தன் வேகம் என்று அவரவரே முடிவு செய்ய வேண்டும். எல்லாரும் ஒன்றாகத் திருப்புகிறோம். மச்சான் பெருச்சாளிகளின் அட்டையைத் திருப்புகிறார். எண் சிறியவர் முதலில்.

கோடரிக்காரனை வைத்திருக்கிற மகளின் எண் சிறியது, அவள் முறை. அட்டை ஒவ்வொன்றும் மேல் பாதி, கீழ்ப் பாதி என்று இரண்டாகப் பிரிந்திருக்கும். மேலே பெரும்பாலும் அடி, கீழே பெரும்பாலும் நடை. ஓர் அட்டையின் மேல் பாதியையும் மற்றதன் கீழ்ப் பாதியையும் செய்ய வேண்டும், எது முதலில் என்பது அவள் இஷ்டம். எழுதியிருப்பது தேவைப்படாவிட்டால் எந்த மேல் பாதியையும் வெறும் "அடி 2" ஆகவும், எந்தக் கீழ்ப் பாதியையும் வெறும் "நடை 2" ஆகவும் பாவிக்கலாம். இந்த ஒரு வரியைப் புதியவர்களுக்கு முதலிலேயே சொல்லுங்கள். "என்கிட்ட நல்ல அட்ட இல்ல" என்கிற அழுகை அதோடு பாதி நின்றுவிடும்.

அவள் பலகையில் இரண்டு இடம் பின்வாங்கி, எட்ட நின்று மூன்று பலத்தில் எறிகிறாள். ஏன் பின்வாங்கினாள்? தன்னை ஒட்டி நிற்கிற எதிரியை எறிந்தால் அதிர்ஷ்ட அட்டை இரண்டு எடுத்து மோசமானதைத்தான் வைத்துக்கொள்ள வேண்டும். இந்த அதிர்ஷ்டக் கட்டு தாயக்கட்டைக்குப் பதில். ஆளுக்கு 20 அட்டை: மாற்றமில்லாதது ஆறு, ஒன்று கூடுவது ஐந்து, ஒன்று குறைவது ஐந்து, இரண்டு கூடுவது ஒன்று, இரண்டு குறைவது ஒன்று, இரட்டிப்பாவது ஒன்று, அடியே படாமல் தவறுவது ஒன்று. ஒவ்வோர் அடிக்கும் ஒன்று திருப்ப வேண்டும். மகள் திருப்பினாள்: ஒன்று குறைவு. மூன்று அடி இரண்டாகப் போனது. பெருச்சாளி சாகவில்லை. அடுத்து அதன் முறை. பக்கத்தில் இருப்பவரைத் தேடி நேரே அம்மாவின் காவலனிடம் போய்க் கடித்தது.

அம்மா என்ன செய்திருப்பார்? உயிரைக் குறைக்கலாம். அல்லது கையிலிருந்து ஓர் அட்டையை நிரந்தரமாக விட்டுவிட்டு அந்த அடி முழுவதையும் தட்டிவிடலாம். போட்டு முடித்த அட்டைகளில் இரண்டை விட்டாலும் சரி. அம்மா அட்டைகளை ஒரு தரம் எண்ணினார். பிறகு உயிரையே குறைத்தார். அது ஏன் என்பதில்தான் இந்த விளையாட்டே இருக்கிறது.

அட்டைதான் மூச்சு

புதியவர்கள் தோற்பது பெரும்பாலும் பூதம் அடித்து அல்ல. அட்டை தீர்ந்துதான். சுற்றுத் தொடங்கும்போது கையில் இரண்டு அட்டையும் இல்லாமல், ஓய்வெடுக்கவும் முடியாதவர் களைத்து விழுந்துவிடுவார். அந்தக் கட்டத்துக்கு அவர் அவ்வளவுதான். போட்ட அட்டைகளைத் திரும்ப எடுக்க ஓய்வு உண்டு, ஆனால் ஒவ்வோர் ஓய்விலும் ஓர் அட்டை போகும். சின்ன ஓய்வு சுற்றின் கடைசியில், நேரம் செலவில்லை. போகிற அட்டையைக் குருட்டுவாக்கில் எடுக்க வேண்டும். பெரிய ஓய்வுக்கு ஒரு சுற்று முழுவதும் போய்விடும். ஆனால் எதை விடுவது என்று நாமே தேரலாம், உயிரும் இரண்டு ஏறும்.

கோடரிக்காரனுக்கு முழுக் கட்டு பத்து அட்டை. சின்ன ஓய்வாகவே எடுத்துக்கொண்டு போனால் 5, 4, 4, 3, 3, 2, 2, 1, 1 என்று மொத்தம் 25 சுற்று நிற்பான். சில அட்டைகளில் பெரிய அடி இருக்கும், ஆனால் போட்டால் திரும்பி வராத குறியும் இருக்கும். அதை முதல் சுற்றிலேயே போட்டால் என்ன ஆகும்? நான் கணக்குப் போட்டேன்: 25 சுற்று 21 ஆகிவிடும். ஓர் அட்டைக்கு நான்கு சுற்று! அதையே கடைசி இரண்டு அட்டையில் ஒன்றாகப் போட்டால் ஒரு சுற்றும் குறையாது. ஆக, பெரிய அட்டைகளைப் பின்னுக்குத் தள்ளுங்கள். அதற்காகக் கட்டிப்பிடித்துக்கொண்டே தோற்கவும் வேண்டாம். கடைசி அறையில் போடாத பெரிய அட்டை கையில் மிஞ்சியிருந்தால் அதுவும் பிழைதான்.

இந்தக் கணக்கை நான் தாளில் போட்டுத்தான் விளங்கிக்கொண்டேன். அம்மா போடவே இல்லை. முப்பது வருசம் கொழுந்து பறித்த ஆள். காலையில் பச்சையைப் பார்த்த உடனேயே, மத்தியானத் தராசுக்கு எவ்வளவு, பின்னேரத்துக்கு எவ்வளவு, கிலோ நிரம்பி முழுப்பேர் (முழுநாள் சம்பளம்) விழுமா அரைப்பேர்தானா என்று மனதுக்குள் ஓட்டிப் பழகியவர். மகன் முதல் சுற்றிலேயே பெரிய வெடியை எடுத்தபோது அம்மா அவன் கையைப் பிடிக்கவில்லை, கேட்க மட்டும் செய்தார்: "காலையிலேயே ஓடி ஓடிப் பறிச்சிட்டா பின்னேரம் கை ஓடுமாய்யா?" அவன் அட்டையைப் பார்த்தான், அப்பாயியைப் பார்த்தான், திரும்ப உள்ளே வைத்தான். நான் முதல் இரவில் ஒரு மணித்தியாலம் வாசித்தும் ஏறாதது இது. இப்போது எங்கள் வீட்டில் ஒன்றும் சாதிக்காத சுற்றுக்குப் பெயரே அரைப்பேர்.

விதி தெரிந்தவர் வாயைக் கட்டுவது எப்படி

இந்த வகை விளையாட்டைக் கெடுப்பது விதி தெரிந்தவர்தான். எல்லாரும் ஒரே கட்சி என்பதால் ஒருவரே எல்லாருக்கும் முடிவெடுத்துவிடலாம். மற்றவர்கள் காயை நகர்த்துகிற கூலியாட்களாகி விடுவார்கள். விளையாட்டே இதற்கு ஒரு கடிவாளம் வைத்திருக்கிறது: அட்டையில் உள்ள எண்களை ஒருவருக்கொருவர் சொல்லக் கூடாது, காட்டவும் கூடாது. "நான் கொஞ்சம் வேகமாப் போவேன்", "அந்தப் பக்கத்துப் பெருச்சாளிய நான் பாத்துக்கிறேன்" என்ற அளவுக்குத்தான் பேசலாம். 304 சீட்டாட்டம் விளையாடியவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். எதிரே இருப்பவர் நம் கூட்டாளிதான், ஆனாலும் கண்ணைக் காட்டினால் ஆட்டம் அழிவாட்டம். பாதி பேர் இந்த விதியைத் தளர்த்தி விளையாடுவார்கள். குடும்பத்தோடு விளையாடும்போது தளர்த்தவே தளர்த்தாதீர்கள் என்பேன்.

இதற்கு மேலே நான் எனக்கென்று மூன்று கட்டுப்பாடு வைத்திருக்கிறேன். கேட்டால் ஒழிய யோசனை சொல்வதில்லை. கேட்டாலும் "இப்படிச் செய்தால் இது நடக்கும், அப்படிச் செய்தால் அது நடக்கும்" என்று இரண்டு வழி சொல்லி நிறுத்துவது. விதியில் சந்தேகம் வந்தால் ஒரு நிமிடத்துக்கு மேல் புத்தகம் புரட்டுவதில்லை. நமக்கு எது பாதகமோ அதை வைத்துக்கொண்டு போய்விட்டு, அடுத்த நாள் தனியாக இருக்கும்போது தேடிக்கொள்வது. மகள் பிழையான இடத்தில் போய் நின்று அடி வாங்கியபோது தொண்டை வரை வந்த வார்த்தையைத் தேத்தண்ணியோடு விழுங்கினேன். அடுத்த சுற்றில் அவள் நின்ற இடம் எனக்கே தோன்றாத இடம்.

காசு விஷயம் தனி. செத்த பூதம் விட்டுப்போகிற காசு, அது கிடக்கிற இடத்தில் வந்து நின்று தன் முறையை முடிக்கிறவருக்கே சொந்தம். பங்கு போட முடியாது, கடன் கொடுக்க முடியாது, பொறுக்காதது கட்டம் முடிந்ததும் போய்விடும். எங்கள் வீட்டு முதல் சண்டை இதில்தான். இப்போது சண்டைக்கு முன்பே "தம்பிக்குக் கவசம் வாங்க இன்னும் கொஞ்சம் வேணும்" என்று பேசி விட்டுக்கொடுக்கிறார்கள். எப்போதும் இல்லை.

நேரம், வெளிச்சம், சாப்பாடு

பெட்டியில் என்ன எழுதியிருந்தாலும் நான்கு பேர் முதல் கட்டத்துக்கு இரண்டரை மணித்தியாலம் ஒதுக்குங்கள். காலையில் பெரட்டுக்கு (தோட்டத்தில் வேலைக்குப் பேர் கொடுக்கும் இடத்துக்கு) போகிறவர்கள் உள்ள வீட்டில் வாரநாள் இரவு சரிவராது. போயா, ஞாயிறு, பாடசாலை விடுமுறை. மாதம் இரண்டு கட்டம் என்றால் முழுக் கதைக்கும் ஒரு வருசம் போகும், அவசரமில்லை.

மழை நாளில் கறண்ட் போகும். 2022இல் மணிக்கணக்காகக் கறண்ட் இல்லாத இரவுகளில் நாங்கள் மெழுகுதிரியில் தாயம் விளையாடினோம், ஆனால் இந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் மெழுகுதிரி கொண்டுவராதீர்கள். சார்ஜ் செய்து வைத்த விளக்கு ஒன்று மேலே தொங்கினால் போதும். தேத்தண்ணிக் கோப்பைகளுக்குத் தனி ஸ்டூல், மேசையில் வைக்கவே கூடாது. வடை, பெட்டிஸ் எல்லாம் ஆட்டம் முடிந்த பிறகு. நடுவில் வேண்டுமென்றால் அவித்த கடலை, கரண்டியோடு.

பாதியில் நிறுத்த வேண்டி வந்தால் சுற்று முடிந்த பிறகு நிறுத்துங்கள். பலகையை மேலிருந்து ஒரு போட்டோ, ஒவ்வொருவரின் உயிர்க் கணக்கையும் ஒரு போட்டோ. பழைய தபால் உறை ஆளுக்கு மூன்று: கையில் உள்ள அட்டை, போட்ட அட்டை, போய்விட்ட அட்டை. மேலே பென்சிலால் பெயர். மூன்றையும் கலந்துவிட்டால் அந்தக் கட்டத்தைத் திரும்பத்தான் விளையாட வேண்டும், அனுபவத்தில் சொல்கிறேன்.

தோற்றால்

தோற்பீர்கள். நாங்கள் ஒரு கட்டத்தை மூன்று தடவை தோற்றோம். தோற்றாலும் அன்று பொறுக்கிய காசும் சேர்த்த அனுபவப் புள்ளியும் நம்மிடமே இருக்கும், ஆகவே அடுத்த தடவை கொஞ்சம் பலமாகத்தான் போவோம். பாடக் கட்டங்களைத் தாண்டிய பிறகும் மூச்சு முட்டினால், கட்டத்தின் நிலையை ஒன்று குறைத்து விளையாட விதியே இடம் தருகிறது. அதில் வெட்கமில்லை. கதவு உள்ள கட்டங்களில் ஒன்று கவனியுங்கள்: கதவைத் திறந்த அதே சுற்றிலேயே உள்ளே இருப்பவை பாயும். களைத்த ஆளைக் கொண்டு திறக்காதீர்கள். திறக்கிற ஆள் உள்ளே ஓடாமல் வாசலை அடைத்து நின்றால், ஒன்றிரண்டாகத்தான் வந்து முட்டும்.

அதே இரவில் இரண்டாம் தடவை வேண்டாம். தூக்கக் கலக்கத்தில் விளையாடுகிறபோது எல்லாரும் முதல் சுற்றிலேயே பெரிய அட்டையை எடுப்பார்கள்.

மூடும்போது

பெட்டியை மூடுமுன் அதிர்ஷ்டக் கட்டுகளை எண்ணுங்கள், தொடக்கத்தில் ஆளுக்கு 20. இது பிள்ளைகளின் வேலையாக இருக்கட்டும், ஆனால் மேலே ஒரு பார்வை பாருங்கள். போன மாதம் அம்மாவின் கட்டுக்குள் 19 அட்டைதான் இருந்தது. கட்டிலுக்கு அடியில், மெத்தைக்குள், அம்மாவின் மருந்துப் பையில் எல்லாம் தேடினோம். மூன்று நாள் கழித்து மகனின் பாடசாலைப் பையில், கணிதக் கொப்பிக்குள் இருந்தது. அடியே படாமல் தவறுகிற அட்டை. "அப்பாயிக்கு மட்டும் அது வரக்கூடாது" என்றான். அம்மா அதை வாங்கி, கட்டுக்குள் சொருகி, கலைத்து, பெட்டிக்குள் வைத்தார்.